மூன்று மின்கலங்களில் ஒரு சிறு விளக்கு

ஒளி உமிழும் டையோடு என்னும் சிறு சாதனம் இன்று நம் நாட்டில் வீடுதோறும் புகுந்துவிட்டது. கடைகளில் எல்.இ.டி. என வழங்குவது இதுவே. 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வாயிலாக மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. ஆயினும், அவ்வொளியில் அமர்ந்து படிக்கும் மாணவனிடம் அது எவ்வாறு எரிகிறது என வினவினால், விடை கிடைப்பது அரிது. பழுதுற்றால் எறிந்துவிட வேண்டிய பொருளாகவே அது கருதப்படுகிறது. தன் கையால் ஒரு விளக்கை அமைத்துப் பார்த்த மாணவன் அவ்வாறு கருதமாட்டான். அத்தகைய விளக்கொன்றை வகுப்பறையிலோ களப்பணி முகாமிலோ ஒரு மணி நேரத்தில் செய்யும் முறையை இங்குக் காண்போம்.

சாதனத்தின் இயல்பு

பழைய பல்பில் டங்ஸ்டன் இழை வெண்மையாகக் காய்ந்து ஒளி தந்தது. டையோடில் இழை கிடையாது. இருவேறு கலப்புடைய குறைகடத்திகள் கூடும் சந்தியில், எலெக்ட்ரான்கள் துளைகளோடு சேரும்பொழுது வெளிப்படும் ஆற்றலே ஒளியாகிறது. 1962-ல் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளி தரும் டையோடைச் செய்து காட்டினார். பிரகாசமான நீல ஒளி கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு வழிகண்ட அகாசாகி, அமானோ, நாகமூரா ஆகிய மூவரும் 2014-ல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசைப் பெற்றனர். நாம் வாங்கும் வெள்ளை டையோடு பெரும்பாலும் நீல டையோடே. அதன்மேல் பூசப்பட்ட ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன.

தேவையான பொருள்கள்

5 மில்லிமீட்டர் வெள்ளை டையோடு ஒன்று, 1.5 வோல்ட் பென்சில் செல் மூன்று, அவற்றைத் தொடராக இணைக்கும் செல் பெட்டி, 100 ஓம், கால் வாட் மின்தடை ஒன்று, சிறு சுவிட்சு, மெல்லிய கம்பித் துண்டுகள்.

மின்தடை எதற்கு?

புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். விளக்கு எரிந்தால் போதுமென்று மின்தடையை விட்டுவிடுகின்றனர். இழை பல்பு சூடேறச் சூடேற அதன் தடை உயர்ந்து, மின்னோட்டத்தைத் தானே அடக்கியது. டையோடின் இயல்பு இதற்கு மாறானது. மின்னழுத்தம் சிறிதே மிகுந்தாலும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். சூடேறினால் இன்னும் பெருகும். முடிவில் டையோடு கருகும். ஆகவே, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை மின்தடையிடம் ஒப்படைத்தல் அவசியம்.

கணக்கு எளிது. மூன்று செல்கள் தருவது 4.5 வோல்ட். வெள்ளை டையோடு ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1.5 வோல்ட் மின்தடைக்கு உரியது. இவ்வகை டையோடு பொதுவாக 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். நாம் 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர் போதுமெனக் கொள்வோம். ஓம் விதிப்படி 1.5-ஐ 0.015-ஆல் வகுக்க 100 ஓம் கிடைக்கிறது. பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்னும் மூன்று வளையங்களால் அதனை அடையாளம் காணலாம். நான்காவது வளையம் துல்லியத்தைக் குறிப்பது.

இணைக்கும் முறை

செல் பெட்டியின் சிவப்புக் கம்பியைச் சுவிட்சுக்கும், சுவிட்சின் மறுமுனையை மின்தடைக்கும், மின்தடையின் மறுமுனையை டையோடின் நீண்ட காலுக்கும் இணைக்க வேண்டும். குட்டையான காலைக் கறுப்புக் கம்பியோடு சேர்த்தால் சுற்று முடிவுறும். கால்களை வெட்டிவிட்டால், விளிம்பு தட்டையாக உள்ள பக்கமே எதிர்முனை என அறியலாம். பற்றவைக்க வசதியில்லையேல் கம்பிகளை இறுக முறுக்கி நாடா சுற்றினாலும் போதும்.

விளக்கு எரியாவிடில் முதலில் டையோடைத் திருப்பிப் பொருத்திப் பார்க்கவும். மின்னோட்டம் அதன் வழியே ஒரு திசையில்தான் செல்லும். அடுத்து, செல்களின் முனைகளையும் இணைப்புகளையும் சோதிக்கவும்.

எத்தனை நேரம் எரியும்?

மூன்று செல்கள் உள்ளமையால் மும்மடங்கு நேரம் எரியுமெனச் சிலர் எண்ணுவர், அது பிழை. தொடர் இணைப்பில் மின்னழுத்தமே கூடும். கொள்ளளவு ஒரு செல்லுக்கு உரியதே. நல்ல ஆல்கலைன் செல்லின் கொள்ளளவு சுமார் 2000 மில்லி ஆம்பியர்-மணி. ஆகவே ஏறத்தாழ 130 மணி நேரம் ஒளி பெறலாம். இறுதியில் ஒளி படிப்படியாக மங்கும்.

எச்சரிக்கை

இச்சுற்றை எக்காரணம் பற்றியும் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தோடு இணைக்கலாகாது. அது உயிருக்கே ஆபத்து. மாணவர் வீட்டில் தாமே முயலக்கூடுமாதலால், ஆசிரியர் இதனை முதலிலேயே வற்புறுத்திக் கூறல் வேண்டும். பொத்தான் செல்களைச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது. விழுங்கினால் உணவுக் குழாயைப் புண்ணாக்கும்.

வகுப்பில்

விளக்கு எரிந்ததும் பாடம் முடிந்துவிடுவதில்லை. ஒரே செல்லை மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை டையோடு எரியாது. 100 ஓமுக்குப் பதிலாக 220 ஓம் பொருத்தச் சொல்லுங்கள்; மின்னோட்டம் பாதிக்கும் கீழே குறையும், ஆனால் கண்ணுக்கு ஒளி அவ்வளவு குறைந்ததாகத் தோன்றாது. காரணத்தை அவர்களே ஆராயட்டும். பின்னர், வீட்டில் பழுதாகிக் கிடக்கும் செல் டார்ச்சு ஒன்றைக் கொண்டுவரச் செய்து, செல்களை அகற்றித் திறந்து காட்டுங்கள். பல வேளைகளில் அதில் கெட்டிருப்பது டையோடு அன்று. துருவேறிய தகடோ விட்டுப்போன கம்பியோதான். அதனைச் சுரண்டித் துடைத்து மீண்டும் எரியச் செய்யும் மாணவன், கணக்கேட்டில் படித்த ஓம் விதியை மறக்கமாட்டான்.