கிணற்றடிக் கருவியும் கணையாழியும்

கிணற்றுப் பாசனமும் பம்புத் தொழிலும் கோவைப் பகுதியின் இரு கண்கள் எனலாம். இன்று வீட்டிலிருந்தவாறே தோட்டத்து மோட்டாரைச் செல்பேசியால் இயக்கும் கருவிகள் வந்துள்ளன. அவற்றுள் இணையவழி இயங்குவன, கம்பியில்லா அலைகளின் வாயிலாகத் தொலைவிலுள்ள 'சர்வர்' கணினியிடம் ஆணை பெறுகின்றன. ஆணையிடுவது உரிய சர்வர்தானா என்பதைக் கருவி எங்ஙனம் அறியும்?

கம்பன் காட்டும் சீதை, அனுமன் அளித்த கணையாழியால் தெளிவு பெற்றாள். சர்வருக்குரிய கணையாழி அதன் சான்றிதழேயாம். சான்றளிக்கும் நிறுவனம் அதில் மின் கையொப்பமிடும். கருவியில் முன்னரே பதிந்துள்ள மூலச் சான்றிதழ் கொண்டு அக்கையொப்பம் சரிபார்க்கப்படும். சான்றிதழை எவரும் நகலெடுக்கலாம். ஆயின் அதற்கிணையான இரகசியத் திறவுகோல் உரிய சர்வரிடமே இருக்கும். அஃது உண்டென மெய்ப்பித்த பின்னரே தரவுகள் மறைகுறியாகச் செல்லும்.

மூலச் சான்றிதழும் நிலையானதன்று. 2021 செப்டம்பர் 30ஆம் நாள் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியாகவே, புதுப்பிக்கப்படாத பழங்கருவிகள் பல தொடர்பிழந்தன. கருவியின் கடிகாரம் பிழைபட்டாலும் செல்லும் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும்.

இத்தொல்லைக்கு அஞ்சிச் சிலர் சரிபார்ப்பையே நிறுத்திவிடுகின்றனர். அப்போதும் தரவு மறைகுறியாகவே செல்லும். ஆனால் இடையே நுழைந்த வஞ்சகனுக்கே அது சென்று சேரக்கூடும். அவன் விரும்பியபோது மோட்டார் ஓடும். பயிர் வாடும்போது நிற்கும். ஆகவே, மூலச் சான்றிதழைப் புதுப்பிக்கவும் நேரத்தைத் திருத்தவும் வழியுள்ளதா எனக் கேட்டறிந்தே கருவியை வாங்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.