வட்டி பார்க்க ஒரு சின்ன ஜன்னல்

உள்கடன் வட்டியைக் கணக்குப் போட கம்ப்யூட்டரில் நாமே ஒரு சிறு ஜன்னல் செய்யலாம். இதற்கு உதவுவது 'பைத்தான்' என்ற கணினி மொழி. 1991-ல் வெளிவந்தது. காசு கட்ட வேண்டியதில்லை. ஜன்னல் வரைய இதில் 'டிகேஇன்டர்' என்ற பகுதி இருக்கிறது.

ஜன்னலுக்கு வேண்டியவை மூன்று: பெயர் காட்ட 'லேபிள்', தொகை எழுத 'என்ட்ரி' கட்டம், அழுத்த 'பட்டன்'. கட்டத்தில் எழுதுவதை கம்ப்யூட்டர் வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதை எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும். 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால், அந்த எண்ணை 100-ஆல் வகுக்கச் சொன்னால் போதும். கடைசி வரியில் 'மெயின்லூப்' என்று எழுதினால், ஜன்னல் நாம் மூடும்வரை காத்திருக்கும்.

கட்டத்துக்கு 'மீதி அசல்' என்றே பெயர் வையுங்க. 'வாங்கிய கடன்' என்று வைத்தால் மோசம் போவோம். 10,000 ரூபாய் கடனுக்கு மாதம் 1,000 அசல் கட்டினால், 10 மாதத்தில் மீதி அசலுக்கான வட்டி 550 ரூபாய்தான். வாங்கிய தொகைக்கே மாதாமாதம் போட்டால் 1,000 ரூபாய் ஆகிவிடும்!

முதல் மாதம் இரண்டிலும் 100 ரூபாய்தான் வரும். இரண்டாம் மாதம் பாருங்க: 90 வரணும். 100 வந்தால் கூட்டத்திலேயே கேளுங்க. கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும். நியாயத்தை நாம்தான் பார்க்கணும்.