முப்பது ஸ்லைடு போட்டா பாடம் நடத்தினதா ஆயிடுமா, டீச்சர்?

காலை எட்டரை மணி. பெருங்களத்தூர் ஸ்டேஷன். கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் ஐ.டி. கார்டு, பையில் பென்டிரைவ். பி.எட். படிக்கிற ரெண்டு பேர் டீச்சிங் பிராக்டீஸுக்குக் கிளம்பியாச்சு.

"இன்னைக்கு என்ன கிளாஸ்டி?"

"சிக்ஸ்த் சோஷியல். ஆறு, ஏரி, வெள்ளம். முப்பது ஸ்லைடு ரெடி!"

முப்பது ஸ்லைடா? பத்தாவது ஸ்லைடிலேயே கடைசி பெஞ்ச் குறட்டை விட்டுடுமே! கரும்பலகையில் எழுதிப் போட்டதைத் திரையில் காட்டினா அது டிஜிட்டல் வகுப்பா? சாக்பீஸ் தூசி இல்லை, அவ்வளவுதான் லாபம்.

அப்போ கம்ப்யூட்டரை வகுப்பில் எப்படித்தான் பயன்படுத்துறது? அந்தக் கேள்விக்கு ஒரு மீனவ கிராமத்துப் பிள்ளைகள் அருமையான பதில் வச்சிருக்காங்க.

காளிக்குப்பம் கத்துக் கொடுத்த பாடம்

சுகதா மித்ரா என்ற பேராசிரியரைத் தெரியுமா? 1999-ல் டெல்லி கல்காஜி குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு, ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தவர். சொல்லிக் கொடுக்க ஆளே இல்லை. ஆனாலும் அந்தப் பகுதிப் பிள்ளைகள் தாங்களே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார்கள். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு மூலமான நாவலை எழுதத் தூண்டியதே இந்தச் சோதனைதான் என்று அதன் ஆசிரியர் விகாஸ் ஸ்வரூப் சொல்லியிருக்கிறார்.

அதே மித்ரா, சுனாமி தாக்கிய காளிக்குப்பத்துக்கும் வந்தார். தமிழ் மட்டுமே தெரிந்த 12 வயதுப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் டி.என்.ஏ. பாடத்தைத் தாங்களாகவே படிக்க முடியுமா? முடியாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டால், "ஒண்ணுமே புரியலை" என்றார்கள். ஆனால் தினமும் பார்த்திருக்கிறார்கள்! ஒரு சிறுமி மட்டும் கை தூக்கினாள். டி.என்.ஏ. தப்பா நகலானா நோய் வரும் என்பதைத் தவிர வேறெதுவும் புரியலையாம்! பூஜ்யத்தை ஒட்டியிருந்த மதிப்பெண் சுமார் 30 சதவீதத்துக்கு வந்திருந்தது.

கதையின் கிளைமாக்ஸ் இனிமேல்தான். அதே ஊரில் அக்கவுன்ட்ஸ் வேலை பார்த்த 22 வயதுப் பெண்ணை மித்ரா துணைக்கு அழைத்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. "பரவாயில்லை. பின்னாடி நின்னு, 'அட, இதெப்படி செஞ்சே? எனக்கும் சொல்லேன்'னு பாட்டி மாதிரி கேளு, போதும்" என்றார். அடுத்த இரண்டு மாதத்தில் மதிப்பெண் 50 சதவீதத்தைத் தொட்டது. பாடம் தெரிந்த ஆசிரியர் உள்ள டெல்லி தனியார் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த அளவு! இந்த ஆய்வு 2010-ல் வெளியானது.

மித்ரா மேல் விமர்சனமும் உண்டு. கவனிக்க ஆளில்லாத ஊர்களில் சுவர்க் கம்ப்யூட்டர்கள் பழுதாகிக் கிடந்தன என்கிறார்கள். அதுவும் நம்ம பாயின்ட்டைத்தான் சொல்லுது: மிஷின் ஓரளவுக்குத்தான் இழுக்கும். மீதி தூரத்துக்கு, கூட நின்று கேள்வி கேட்கிற ஒரு ஆள் வேணும்.

பெருங்களத்தூரில் செய்து பார்க்கலாமா?

அந்த 'வெள்ளம்' பாடத்துக்கே வருவோம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி, பக்கத்தில் இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. இப்போ ஆறாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அது நினைவில் இருக்காது. ஸ்லைடை ஓரம் கட்டுங்க. ஒரே கேள்வி போடுங்க: "நம்ம ஏரியாவில் தண்ணி ஏன் வீட்டுக்குள்ள வந்துச்சு?"

கூகுள் எர்த்தில் பழைய சாட்டிலைட் படங்களைப் பார்க்கும் வசதி 2009-லேயே வந்துவிட்டது. பீர்க்கன்காரணை ஏரியையும் அடையாற்றையும் தேடி, வருஷத்தைப் பின்னாடி தள்ளச் சொல்லுங்க. எங்கே காலி இடம் இருந்தது, எங்கே வீடு முளைத்தது என்று பிள்ளைகளே குறிக்கட்டும். அடுத்து, வீட்டுக்குப் போய் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அப்பா செல்போனில் அஞ்சு நிமிஷம் ரெக்கார்டு பண்ணி வரட்டும். படமும் குரலும் சேர்ந்தா, அந்த வகுப்பே தயாரித்த ஒரு ஆவணப்படம் ரெடி! போன் இல்லாத பிள்ளையைத் தனியா விடாதீங்க. நாலு பேருக்கு ஒரு போன், ஒரு குழு.

காசில்லாமல் கிடைக்குது!

* ஜியோஜீப்ரா: முக்கோணத்தின் முனையை இழுத்தால் கோணங்கள் மாறும். கூட்டுத்தொகை மட்டும் 180-லேயே நிற்கும். ஏன் என்று கேளுங்க.

* ஃபெட்: நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லேப் இல்லாத பள்ளியிலும் மின்சுற்றை இணைத்துப் பார்க்கலாம். ஷாக் அடிக்காது!

* ஸ்க்ராட்ச்: எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்டது. கதையைக் கார்ட்டூனாக்கப் பிள்ளைகளே புரோகிராம் எழுதலாம்.

நாளைக்கு ஸ்டேஷனில் பார்க்கும்போது "எத்தனை ஸ்லைடு?" என்று கேட்க மாட்டோம். "பிள்ளைங்க எத்தனை கேள்வி கேட்டாங்க?" என்றுதான் கேட்போம். பதிலோட வாங்க, டீச்சர்!