பிறை தெரியுமா, பெருநாளா?
விஞ்ஞானம் சொல்பவரிடம் நம்மவர்கள் கேட்பவை

விஞ்ஞானத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையில் இருப்பவரிடம் ஆண்டு முழுவதும் கேள்விகள் வந்தபடியே இருக்கும். ஆனால் ஷஃபான் 29, ரமழான் 29 ஆகிய இரண்டு மாலைகளிலும் அவருடைய தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறாது: "சேர், இன்டைக்கிப் பிறை தெரியுமா? நாளைக்கிப் பெருநாளா?"

ஒரே மூச்சில் கேட்கப்பட்டாலும் இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். முதலாவது வானத்தைப் பற்றியது. இரண்டாவது மார்க்கத் தீர்மானம். நமது நாட்டில் அத்தீர்மானம் கொழும்புப் பெரிய பள்ளிவாசல், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஆகியன கூடி அறிவிப்பது. விஞ்ஞானம் சொல்பவர் முதல் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதை உரியவர்களிடம் விட வேண்டும். இந்தக் கோடு அழிந்துவிட்டால் ஒரே ஊரில், சில நேரம் ஒரே வீட்டில், இரண்டு பெருநாள் வந்து நிற்கும்.

முதல் கேள்விக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்லலாம்? பூமியிலிருந்து பார்க்கையில் சந்திரன் சூரியன் இருக்கும் திசைக்கே வந்து சேரும் கணம்தான் அமாவாசை. இதை மிகத் துல்லியமாகக் கணிக்க முடியும். 2019 டிசம்பர் 26 அன்று வடக்கில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. முன்கூட்டியே அறிவித்த நேரத்தில்தான் அது நடந்தது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும் என்பதால், அமாவாசைக் கணக்குச் சரிதான் என்பதை நாம் கண்ணாலேயே கண்டோம்.

ஆனால் அமாவாசை வேறு, பிறை கண்ணுக்குத் தெரிவது வேறு. அமாவாசைக்குப் பிறகு சந்திரன் சூரியனை விட்டு ஒரு நாளைக்குச் சராசரியாக 12 பாகை விலகும்; அதாவது மணிக்கு அரைப் பாகை. இந்த விலகல் ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் வெறுங்கண்ணுக்குப் பிறை தெரியாது. பிரெஞ்சு வானியலாளர் தான்ஜோன் 1930களில் எடுத்துக்காட்டிய எல்லை இது. ஆகவே தொடர்பாடலாளர் சொல்லக்கூடிய பதில்கள் மூன்று. சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்தால், அல்லது விலகல் எல்லைக்குள் இருந்தால், "தெரிய வாய்ப்பில்லை." விலகல் போதியளவு இருந்தால், "வானம் தெளிந்திருந்தால் தெரியும்." இடைப்பட்டதென்றால், "சந்தேகம்தான்; பார்த்துத்தான் சொல்ல வேண்டும்." மேகத்தை எந்தக் கணக்கும் விலக்கித் தராது.

அடுத்து வருவது: "சவூதியில கண்டாச்சாம், நமக்கு மட்டும் ஏன் தெரியல்ல?" மக்கா நமக்கு ஏறத்தாழ 40 பாகை மேற்கே இருக்கிறது. அங்கே சூரியன் மறைவது நமக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் பிந்தி. அதற்குள் சந்திரன் இன்னும் ஒரு பாகைக்கு மேல் விலகியிருக்கும். எனவே இங்கே தெரியாத பிறை அங்கே தெரிவது இயல்பே. அங்கே கண்ட பிறையை நாம் ஏற்பதா என்பது ஃபிக்ஹுக்குரிய கேள்வி. உலமாக்களிடம் கேட்க வேண்டியது.

கிப்லா பற்றிக் கேட்பவர்களும் உண்டு. கொழும்பிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே சாய்ந்தது. தொலைபேசியில் உள்ள திசைகாட்டி இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் பிழை காட்டும். அதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. மே 28, ஜூலை 16 அளவில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். நமது நேரப்படி அது மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலை மாதத்தில் பிற்பகல் 2.57. அந்நேரம் செங்குத்தாக ஒரு தடியை நட்டால், நிழலுக்கு எதிர்த்திசைதான் கிப்லா. இதை யாரும் தானே செய்து பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் சங்கடமானது இது: "சந்திரன் பிளந்தத நாஸா ஒப்புக்கொண்டிச்சாமே, உண்மைதானே? ஒருக்கா செல்லுங்க." கூடவே ஒரு படமும் வரும். அது ரிமா அரியதேயஸ் என்ற நீண்ட பள்ளத்தின் படம். நிலவின் மேலோடு இரு பிளவுகளுக்கிடையே கீழிறங்கியதால் உண்டான பள்ளம் என்று அதை விளக்குகிறார்கள். நீளம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சந்திரனின் சுற்றளவோ 10,900 கிலோமீற்றர். சுற்றளவில் மூன்று வீதமும் இல்லாத பள்ளம் சந்திரன் பிளந்ததற்குச் சான்றாகாது. நீல் ஆம்ஸ்ட்ரோங் நிலவில் பாங்கு கேட்டு இஸ்லாத்துக்கு வந்தார் என்ற கதையும் இப்படித்தான்; அதை அவரே மறுத்தார்.

இப்படிச் சொன்னால் சிலர் மனம் நோவார்கள். அவர்களிடம் பொறுமையாக எடுத்துரைக்க வேண்டியது ஒன்றுண்டு. முஃஜிஸாத்தை நாம் நம்புவது குர்ஆனையும் ஹதீஸையும் கொண்டு. அதற்கு ஒரு படத்தைத் தூணாக நிறுத்தினால், படம் பொய்யென்று தெரியும் நாளில் நம் பிள்ளைகள் எதைச் சந்தேகிப்பார்கள்?

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. முன்னைய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்றொரு பதவி இருந்தது; தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வது அவர் பொறுப்பு. திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் அப்பதவி வகித்த இப்னுஷ் ஷாதிர் 1371ஆம் ஆண்டளவில் அதன் மினாராவுக்கு ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார். கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்த பெரும் வானியலாளர் அவர். ஆயினும் ஊர் மக்களுக்கு வேண்டிய நேரத்தைச் சொல்லும் வேலையை அவர் சிறிதாக எண்ணவில்லை.

அடுத்த ஷஃபான் 29இலும் தொலைபேசி ஒலிக்கும். சந்திரன் எத்தனை மணிக்கு மறையும், எத்தனை பாகையில் நிற்கும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, "மற்றதப் பெரிய பள்ளி அறிவிக்கும்" என்று முடிப்பதே கேட்டவருக்குச் செய்யும் நேர்மை.