மிஞ்சிய கிழங்கில் சுடச்சுட ஐரிஷ் ரொட்டி

முதல்நாள் மசித்து மிஞ்சிய உருளைக்கிழங்கை மறுநாள் காலையில் ரொட்டியாகச் சுடுவது வட அயர்லாந்து வீடுகளின் வழக்கம். ‘ஃபார்ல்’ எனப்படும் இந்த ரொட்டியின் பெயருக்கு ‘நான்கில் ஒரு பங்கு’ என்று பொருள்.

ஏழைகளின் குடிசைகளில் ‘அவன்’ அடுப்பு இல்லாததால், இரும்புக் கல்லிலேயே ரொட்டி சுட்டனர். 1845இல் கிழங்குப் பயிரை நோய் தாக்கியபோது, அதையே நம்பியிருந்தவர்களில் சுமார் 1 மில்லியன் பேர் பசிக்கும் நோய்க்கும் பலியாயினர். அதன் பின்னரும் கிழங்கு அவர்களின் தட்டைவிட்டு நீங்கவில்லை.

தேவையானவை: உருளைக்கிழங்கு அரை கிலோ, மைதா மாவு 100 கிராம், வெண்ணெய் 25 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி.

கிழங்கை வேகவைத்து நீரை வடித்தபின், அதே பாத்திரத்தில் சிறுதீயில் ஓரிரு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டும். இதுதான் முக்கியம். ஈரம் இருந்தால் மாவு அதிகம் பிடிக்கும், ரொட்டி இறுகிவிடும்.

சூடு ஆறுமுன் கட்டியில்லாமல் மசித்து, வெண்ணெய், உப்பு சேர்த்து, மாவைத் தூவி மெதுவாகத் திரட்ட வேண்டும். அழுத்திப் பிசைந்தால் பசையாகிவிடும். மிஞ்சிய கிழங்கு என்றால் முதலில் லேசாகச் சூடாக்குவது நல்லது. அதில் ஏற்கெனவே உப்பு, வெண்ணெய் இருந்தால் மீண்டும் சேர்க்க வேண்டாம்.

உருண்டையை இரண்டாகப் பிரித்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, ஒவ்வொன்றையும் நான்காக வெட்ட வேண்டும். மாவு தூவிய தோசைக்கல்லில், எண்ணெயின்றி மிதமான தீயில், பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடம் சுட்டால் போதும். பழுப்புப் புள்ளிகள் தெரிந்ததும் எடுத்து, வெண்ணெய் தடவிச் சூடாகச் சாப்பிடலாம். பொரித்த முட்டையும் பொருத்தமான துணை.