புகையிட்ட கறியும் டெக்சாஸ் 'சில்லி'யும்

கொள்ளேகாலத்தை விட்டு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், மாதேசுவரன் மலைக்குப் போகும் சாலையில் ஹனூர் வரும். இவ்வூருக்கு இருப்புப்பாதை கிடையாது. ஆகவே மைசூரில் ரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நாமும் வாரக் கடைசியில் பேருந்து ஏறித்தான் வீடு சேருகிறோம். நம் பாட்டனார் இங்கே குடியேறிய காலத்தில் கொள்ளேகாலம் தாலுகா சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி அது மைசூர் இராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது. பாட்டனார் இருந்த வீட்டில் இருந்தபடியே வெளி மாநிலத் தமிழராகிவிட்டார்.

அவர் காலத்துப் பொருள்களில் இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பவை கல்லுரல் ஒன்றும், விறகடுப்பின் மேலே கட்டிய மூங்கில் பரண் ஒன்றுமே. அந்தப் பரணைப் பற்றியே இக்கட்டுரை.

நம் வீட்டில் மாட்டுக்கறி உண்பது வழக்கம். அதை மறைத்து எழுதுவதற்கில்லை. கறி மலிவாகக் கிடைத்த நாளில் மொத்தமாக வாங்கி, உப்பிட்டு உலர்த்தி, பரணில் புகை காட்டி, மழைக்காலத்துக்கென வைத்துக்கொள்வது அன்னையாரின் முறை. இந்த உப்புக்கண்டத்தின் அருமை நமக்கு விளங்கச் செய்தவன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் தம்பி. சென்ற கோடை விடுமுறைக்கு அவன் மனைவி மக்களோடு ஹனூருக்கு வந்திருந்தான். குழந்தைகள் இருவருக்கும் தமிழ் சற்றே புரியும், பேச வராது. பாட்டி ஆசையோடு பரிமாறிய களியையும் குழம்பையும் அவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்கள். மூன்றாம் நாள் பெரியவள் தன் தந்தையிடம் 'சில்லி' வேண்டும் என்று கேட்டாள். அன்னையார் ஒரு மிளகாயை எடுத்து அவள் முன் நீட்டினார்! வீடு முழுதும் சிரித்தது. ஆயினும் அன்னையாரின் முகம் வாடியதை நாம் கண்டோம்.

டெக்சாஸ்காரர் 'சில்லி' என்பது மிளகாயை மட்டுமன்று. மாட்டுக்கறியை மிளகாய் விழுதிலும் சீரகத்திலும் நெடுநேரம் வேகவைத்த கெட்டிக் குழம்புக்கும் அதுவே பெயர். 1977இல் அம்மாநிலச் சட்டமன்றம் அதைத் தம் மாநில உணவென அறிவித்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சான் அன்டோனியோ நகரின் சதுக்கங்களில் மெக்சிகோ வழிவந்த பெண்கள் மாலை நேரத்தில் விளக்கேற்றி, விறகு நெருப்பின் மேல் சட்டி வைத்து அதை விற்று வந்தார்கள். 'சில்லி ராணிகள்' என்று பெயர் பெற்ற அவர்களுடைய கடைகள் நகரச் சுகாதார விதிகளால் 1930களில் மறைந்தன. அக்குழம்பில் சீரகம் சேர்ந்ததற்கு, 1731இல் கானரித் தீவுகளிலிருந்து அந்நகரில் வந்து குடியேறிய குடும்பங்களே காரணம் என்று கூறுவாரும் உளர். மாடு மேய்ப்போர் நெடும்பயணம் செல்லுகையில் உலர்ந்த கறியையும் கொழுப்பையும் மிளகாயையும் சேர்த்து இடித்துக் கட்டியாக்கிக் கொண்டுபோய், வேண்டும்போது வெந்நீரில் கரைத்து உண்டார்கள் என்றும் அங்கே சொல்வதுண்டு.

தம்பி இவ்வளவையும் சொல்லக் கேட்ட அன்னையார், "அது நம்ம உப்புக்கண்டந்தானே கண்ணு? இடிச்சுப் போட்டா ஆச்சு" என்றார்.

அன்று முதல் வீட்டில் அதே வேலையாயிற்று. நேயர்களும் செய்து பார்க்கலாம் என்பதால் முறையைச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

கறியைப் பற்றி முதலில் ஒரு சொல். கர்நாடகத்தில் 2021 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டப்படி பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை அறுப்பது குற்றம். 13 வயதுக்கு மேற்பட்ட எருமையை மட்டும் உரிய சான்று பெற்று அறுக்கலாம். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆகவே நமக்கு முறையாகக் கிடைப்பது கிழட்டு எருமையின் கறியே. அது நார் மிகுந்தது. சாதாரணமாகச் சமைத்தால் செருப்புத் தோலாக இருக்கும். ஆனால் இந்தப் பக்குவத்துக்கு அதைவிடப் பொருத்தமான கறி இல்லை. கடினமான கறியை உண்ணத்தக்கதாக்கும் உபாயமாகவே உப்பும் வெயிலும் புகையும் உரலும் நம்மவர்க்குப் பயன்பட்டன.

தொடைக்கறி ஒரு கிலோவைக் கொழுப்பு நீக்கி, விரல் கனத்துக்கும் குறைவான நீண்ட துண்டங்களாக அரிய வேண்டும். கொழுப்பு தங்கினால் பின்னால் சிக்கு நாற்றம் அடிக்கும். 60 கிராம் கல்லுப்பைப் பொடித்து, சிறிது மஞ்சளும் கூட்டிப் பிசறி, ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். மறுநாள் ஊறிய நீரை வடித்துவிட்டு, சரம் கோத்து, ஈ மொய்க்காமல் வலைத்துணி போர்த்தி நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் உலர்த்த வேண்டும். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தொடங்கவே கூடாது. ஈரம் நின்ற கறி அழுகும், நோய் தரும். பிறகு பரணில் தொங்கவிட்டு ஒரு வாரம் புகை காட்ட வேண்டும். புளிய விறகும் தேங்காய் மட்டையும் உகந்தவை. வேம்பு கசக்கும், தைல மரம் மருந்து வாடை தரும், பச்சை விறகு கரி படியச் செய்யும். துண்டத்தை வளைத்தால் மடங்காமல் முறிய வேண்டும். அதுவே பதம். ஒரு கிலோ கறி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

புகை போடுவதிலும் அன்னையார் ஒரு நியமம் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் புலால் உண்ணாதவர். நம் குழந்தைப் பருவத்தில் நம்மை மடியில் வைத்திருந்தவர். காற்று அவர் வீட்டுப் பக்கம் வீசும் நாளில் நம் அடுப்பில் புகை எழாது. இதை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. மைசூரில் நாம் முன்பு குடியிருந்த வாடகை வீட்டிலோ, உப்புக்கண்டம் வறுத்த ஒரே நாளின் வாடைக்காக அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. அதன் பின்னர் நகரத்தில் நாம் அதைச் சமைப்பதில்லை.

இனிக் குழம்புக்கு வருவோம். கால் கிலோ உப்புக்கண்டத்தை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த உவர்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் மிருதுவாகும்வரை வேகவைத்து, உரலிலிட்டு நார் நாராகப் பிரியும்படி இடிக்க வேண்டும். மிளகாய்க்கு நாம் தேர்ந்தது பேடகி. ஹாவேரிப் பக்கத்து அந்த மிளகாய் நல்ல சிவப்பு நிறமும் அடங்கிய காரமும் உடையது, குழந்தைகளுக்கு ஏற்றது. பேடகி பத்து, குண்டூர் இரண்டு, விதை நீக்கி ஊறவைத்து அம்மியில் அரைக்கப்பட்டன. இரண்டு கரண்டி எண்ணெயில் கால் கிலோ சின்ன வெங்காயமும் ஒரு முழுப் பூண்டும் வதக்கி, வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி, விழுது, தக்காளி இரண்டு, இடித்த கறி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தோம். அங்கே 'ஒரெகானோ' என்னும் இலையைச் சேர்ப்பார்களாம். தம்பி கொல்லைப்புறத்துக் கற்பூரவல்லியைக் கசக்கி முகர்ந்து பார்த்து, "அண்ணா, இதே மணம்!" என்று கூவினான். மூன்று இலைகள் போதுமாயின. சிறு நெருப்பில் இரண்டு மணி நேரம் கொதித்த பின், மக்காச்சோள மாவு ஒரு கரண்டி கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கினோம். அங்கும் சோள மாவே இடுவது உண்டு.

பயறு சேர்ப்பதா வேண்டாமா என்பதில் டெக்சாஸில் பெரும் சண்டையே உண்டென்று தம்பி சொன்னான். நாம் அந்த வழக்கில் இறங்காமல் ஊறவைத்து வேகவைத்த மொச்சையை ஒரு கை போட்டோம். சிவப்பு ராஜ்மா போடுவோர் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதை இரவெல்லாம் ஊறவைத்து நீரை மாற்றி, குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிடாவிட்டால் அதிலுள்ள நச்சுப் பொருள் வயிற்றைக் கெடுக்கும்.

குழந்தைகள் இருவரும் களியைச் சிறு சிறு உருண்டையாக்கி அதில் தோய்த்து உண்டார்கள். சிறியவன் இரண்டாம் முறை கேட்டபோது, "இன்னும்" என்று தமிழில் கேட்டான். அன்னையார் அகப்பையைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் நின்றுவிட்டார்.

புறப்படும் நாளில் இரண்டு கிலோ உப்புக்கண்டத்தை வாழைச் சருகில் பொதிந்து அவர் எடுத்து வந்தார். நம் நாட்டுக் கால்நடைகளிடையே கோமாரி நோய் இருப்பதால் இங்கிருந்து இறைச்சியை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. விமான நிலையத்திலேயே பறித்து எறிந்துவிடுவார்கள். தம்பி இதை எடுத்துச் சொல்லத் தயங்கி நம்மைப் பார்த்தான். நாமே சொன்னோம். அன்னையார் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, பொதியைப் பரணில் திரும்ப வைத்துவிட்டு, பேடகி மிளகாயையும் சீரகத்தையும் வறுத்து இடித்த பொடியை இரண்டு டப்பாக்களில் நிரப்பிக் கொண்டு வந்தார்.

சென்ற மாதம் தம்பி தொலைபேசியில் அழைத்தான். அங்கே ஓக் விறகில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையிட்ட மாட்டுக்கறி கடையிலேயே கிடைக்கிறதாம். மிஞ்சிய துண்டுகளைக் கொத்தி, அன்னையாரின் பொடியைப் போட்டுச் சில்லி செய்தானாம். "இடிச்சியா, கொத்துனியா?" என்று அன்னையார் கேட்டார். உரல் இல்லையென்று அவன் சொன்னான். பொடி இன்னும் ஒரு டப்பா மீதம் இருக்கிறதென்றும், அடுத்த கோடைக்குள் தீர்ந்துவிடும் என்றும் சொன்னான்.