1926 வரை உலகுக்கே தெரியாத மலை! சைபீரியாவின் செர்ஸ்கி மலைத்தொடரில் என்னதான் நடக்குது?

விமானங்கள் பறக்கத் தொடங்கிய பிறகும், வடகிழக்கு சைபீரியாவில் ஒரு பெரிய மலைத்தொடர் வரைபடத்தில் இல்லாமலேயே இருந்தது. 1926ல்தான் புவியியலாளர் செர்கெய் ஒப்ருச்சேவ் அதைக் கண்டுபிடித்தார். நீளம் சுமார் 1,500 கி.மீ. உயரமான சிகரம் போபேடா, 3,003 மீட்டர்.

பெயர் வந்த கதை கொஞ்சம் உருக்கமானது. 1863 போலந்து கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக சைபீரியாவுக்குத் துரத்தப்பட்டவர் இவான் செர்ஸ்கி. அங்கேயே புவியியல் கற்று, 1892ல் கோலிமா நதியில் ஆய்வுப் பயணத்தின்போதே இறந்தார். பயணத்தை விடாமல் தொடர்ந்தவர் அவர் மனைவி.

யூரேசிய, வட அமெரிக்க நிலத்தட்டுகள் சந்திக்கும் பகுதி என்பதால் இங்கே நிலநடுக்கமும் உண்டு. இண்டிகிர்கா நதி மலையைக் குடைஞ்சுக்கிட்டு வடக்கே ஓடுது.

இப்போதைய கவலை, காலுக்குக் கீழே இருக்கும் உறைநிலம். பதகாய் அருகே 1960களில் காட்டை வெட்டியதும் வெயில் நேராக மண்ணில் பட்டது. உள்ளே இருந்த பனி உருகி, நிலம் சரிந்தது. இன்று அது சுமார் ஒரு கி.மீ. நீளப் பள்ளம். உள்ளூர் மக்கள் ‘பாதாள வாசல்’ என்கிறார்கள். பக்கத்து ஊரான வெர்கோயான்ஸ்க், குளிர்காலத்தில் மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போன இடம். 2020 ஜூன் 20ல் அங்கே பதிவான வெயில், 38 டிகிரி. பள்ளம் இன்னும் விரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.